கருவாட்டுக் கணக்கு

துரத்தாதீர்கள், அதற்கு அது விளையாட்டு
என்றாள் பயிற்சிக்காரி ஹெய்டிஸ்.
பிடுங்காதீர்கள். பண்டமாற்று செய்யுங்கள்.

வார்டோவில் ஜனவரி. பகலே கிடையாது.
ஒற்றைக் காலுறைக்கு ஒரு துண்டுக் கருவாடு,
ரிமோட்டுக்கு இரண்டு.
மூக்குக்கண்ணாடிக்கு மட்டும்
டோர்லைஃப் பேரம் பேசிப் பார்த்தார்,
தோற்றார்.

மூன்றாம் வாரம்
நாய் கடையே திறந்துவிட்டது:
தேடாததெல்லாம் காலடிக்கு வந்தது.
கரண்டி, சோப்பு,
பக்கத்து வீட்டுக் கையுறை.

நேற்று சோபாவுக்கு அடியிலிருந்து
விற்றுவிட்ட படகின் மாற்றுச் சாவி.

"விடு" என்றார், பழக்கதோஷத்தில்.
அது எப்போதோ விட்டிருந்தது.
இவர் உள்ளங்கையில்தான் சாவி,
எச்சில் ஈரத்தோடு.

வால் ஆடிக்கொண்டே இருந்தது.
டப்பாவில் கருவாடு தீர்ந்திருந்தது.
தன் தட்டு மீனைப்
பாதி பிட்டுப் போட்டார்.