வீடு காலி பண்றீகளா

சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கிய ஒச்சப்பன்
கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"என்னக்கா, வீடு காலி பண்றீகளா?"

நாற்காலி மேல் துணிக்குன்று.
பிரிக்காத அட்டைப்பெட்டி இரண்டு.
தேநீர் காய்ந்து வளையம் கட்டிய ஆறு தம்ளர்கள்.
"ஆமாண்ணே, மாசக் கடைசி" என்றேன்.
வெட்கத்தில் வந்த பொய்.
"எங்கிட்டுப் போறீக?"
"கோச்சடை."
ஏன் கோச்சடை என்று இன்றுவரை தெரியாது.
அங்கே எனக்கு யாருமில்லை.

எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை.
அதுதான் சிக்கல்.
சாவு என்றால் சொல்லலாம், கடன் என்றாலும் சொல்லலாம்.
உலகனேரி கோர்ட்டில் அடுத்தவர் வழக்குகளை
நாள் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு
ஒத்தக்கடை வந்து
செருப்போடு கட்டிலில் விழுவேன்,
பங்குனியிலிருந்து ஆடி வரை.
கே.கே. நகர் டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார்.
தூக்கம் வந்தது.
விடியல்தான் வரவில்லை.

அந்த இரண்டாம் சனி, அவர் படியிறங்கிப் போனதும்
ஒரே ஒரு தம்ளரைக் கழுவினேன்.
அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன்.
கழுவியதைக் கவிழ்க்க இடமில்லை.
இடத்துக்காக மற்ற ஐந்தையும் கழுவி,
ஐந்துக்காக மேடையைத் துடைத்து,
மேடையிலிருந்து விழுந்ததற்காகத்
துடைப்பத்தைத் தேடினேன்.
குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.
தெய்வச் செயல் என்று எழுத மாட்டேன்.
அன்று எங்கள் தெருவுக்கு முறைநாள், அவ்வளவுதான்.

பீரோவின் அடியிலிருந்து வந்தவை:
பேனா மூடி, பல்லி முட்டையோடு,
மேலூர் பஸ் டிக்கெட்,
பந்து பந்தாய் என் தலைமுடி.
கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்து
அங்கேதான் சேர்ந்திருந்தேன் போல.

ஜன்னல் வலையில் குவாரிப் புழுதி.
முதல் வாளி சாம்பார் நிறம்,
அடுத்தது தேநீர்,
மூன்றாவது நீர்மோர்.
வலைக்கு அந்தப் பக்கம்
ஆனைமலை அதுபாட்டுக்குப் படுத்திருந்தது.
தலையைப் பக்கத்து மாடிச் சின்டெக்ஸ் தொட்டி மறைக்கிறது.
முதுகு போதும் எனக்கு.

குளியலறையின் உப்புக்கறை மட்டும் போகவில்லை.
ஆசிட், எலுமிச்சம்பழம், பழைய பிரஷ்,
எல்லாம் பார்த்தாகிவிட்டது.
இப்போதும் சில நாள்
அதன் மேல் நின்று குளித்துக்கொண்டே அழுகிறேன்.
ஆனால் கை நீட்டினால்
துண்டு எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.

போன சிலிண்டர் எட்டு மாதம் வந்தது.
இது ஐப்பசிக்குள் தீர்ந்துவிட்டது.
சமைத்திருக்கிறேன்.
கதவைத் திறந்ததும் ஒச்சப்பன் திகைத்தார்:
"இன்னும் காலி பண்ணலையாக்கா?"
"பண்ணிட்டேண்ணே. இங்கனயே."

அவருக்குப் புரியவில்லை.
வெற்றுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு
"கோச்சடைல தண்ணி நல்லாருக்கும்க்கா" என்று
வருத்தப்பட்டபடியே இறங்கிப் போனார்.