இடது கால்

ஜெகபர் அண்ணன் ஆயிரத்து அறுநூறு சொன்னார்.
புதன் விட்டால் சனி.
எந்தச் சனி என்று கேட்க வந்து
கேட்காமல் திரும்பினேன்.

மாசியில்தான் இரண்டு சீலும் மாற்றிக் கொடுத்தார்.
ஆனி பிறக்கவில்லை,
பைக்கின் முன்னால் இடது கால்
பிரேக் பிடிக்கும்போதெல்லாம் எண்ணெய் வியர்க்கிறது.
பழையதையே துடைத்துப் போட்டிருப்பார் என்று
வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன்.
கனகாம்புஜம் சிஸ்டர்கூட
தன் கிரைண்டர்காரனைத் திட்டினாள்,
எனக்குத் துணையாக.

நைட் டூட்டி முடிந்த வியாழன் காலை
தேவனாம்பட்டினத்து மாடிப்படிக்கு அடியில்
எஞ்சினுக்கு இரண்டு செங்கல், ஒரு பலகை.
சக்கரம் சொன்னபடி கேட்டது.
மேல்மூடியைக் கடைசி மரைவரை திருப்பினேன்;
ஸ்பிரிங் விட்டது ஒரு உதை.
மூடி மீட்டர் பெட்டியில் பட்டு
குரோட்டன்ஸ் தொட்டிக்குள் விழுந்தது.
வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார், சாத்தினார்.
பெயிண்ட் டப்பாவில் பிடித்த எண்ணெய்
சாம்பல் நிறம், மத்திக் கருவாட்டு வாடை.

அடியில் ஒரு போல்ட்.
அதைத் திருப்பினால் உள்ளே இருக்கிற தண்டும் சேர்ந்து சுற்றும்.
நான் இடம் என்றால் இடம்,
வலம் என்றால் வலம்.
மூன்று மணி நேரம்.
இவ்வளவு ஒத்துப்போன ஆள்
என் கல்யாணத்தில் வாய்க்கவில்லை.

துணிக்கடைப் பையில் காலைப் போட்டுக்கொண்டு
முதுநகர் பஸ் ஏறினேன்.
எனக்கு டிக்கெட் இல்லை;
காலுக்கு உண்டா என்று
கண்டக்டர் ஒரு ஸ்டாப் தூரம் யோசித்தார்.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை.
காற்றுத் துப்பாக்கியை வைத்தார்.
டர்ர். நாலு நொடி.
பிறகு குழாயைத் துடைத்து
கட்டைவிரல் நகத்தை அதன்மேல் மெல்ல இழுத்தார்.
ஓரிடத்தில் நகம் நின்றது.
"நீயும் வை."
வைத்தேன். நின்றது.
உப்புக்காற்று தின்ற பள்ளம்,
கடுகில் பாதிகூட இல்லை.
புதுச் சீலின் உதட்டை
தினம் தினம் கிழித்திருக்கிறது.

மாசியில் அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது:
"சீல் மட்டும் போட்டா நிக்காதும்மா,
குழாயும் மாத்தணும். நாலாயிரம் ஆவும்."
நான் போனில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருந்தேன்.
"போடுங்கண்ணே, பாத்துக்கலாம்."

இப்போது அதை அவர் எடுக்கவில்லை.
முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்,
பங்க்சர் கணக்கில்.

பள்ளத்தில் நகப்பூச்சு விட்டேன்,
வீட்டில் இருந்தது ஊதாதான்.
காய்ந்ததும் இரண்டாயிரம் நம்பர் தாளால் தேய்த்து
நகம் வழுக்கும்வரை தேய்த்து
பிவிசி துண்டால் தட்டிச் சீலை இறக்கினேன்.
எண்ணெய் நூற்று அறுபத்தைந்து மில்லி:
ஐம்பது சிரிஞ்சில் மூன்று, மேலே ஒரு பதினைந்து.
ஒவ்வொரு முறையும் பழக்கத்தில்
குமிழியைச் சுண்டி வெளியேற்றினேன்.

சீல் இருநூற்று அறுபது. எண்ணெய் நூற்றுத் தொண்ணூறு.
குழாய்த் துண்டு சும்மா.
இரண்டு பகல் தூக்கத்தை எந்தப் பக்கம் எழுதுவது?
வார்டில் இன்னும்
யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கெடிலம் பாலத்துக்கு
வேண்டுமென்றே வேகத்தடைகள் வழியாகப் போய் வந்தேன்.
ஸ்டாண்டு போட்டு, குனிந்து, விரலால் தடவினேன்.
லேசாக ஒரு பிசுக்கு.
புதிதாக வந்ததா
நான் துடைக்காமல் விட்டதா,
தெரியவில்லை.
புடவைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு
டூட்டிக்குக் கிளம்புகிறேன்.