கிண்ணம் கழுவுகிறவள்

சனிக்கிழமை ராத்திரி
ஒன்றரைக் கிலோ பன்னீர் திராட்சை,
கொஞ்சம் சர்க்கரை, ரெண்டு கிராம்பு.
கொதித்து அடங்கியதும்
வேட்டித் துணியில் பிழிவேன்.
மூணு நாளைக்குக் கை ஊதாவாகவே இருக்கும்.
களத்தில் கேட்பார்கள்:
"ஏனுங் எப்சிபா, கையில என்னங்?"
நோம்பி என்பேன்.

மற்ற ஆறு நாளும்
வெள்ளக்கோவில் ரோட்டோரக் களத்தில்
தேங்காய் உடைத்துக் கொப்பரை காயப்போடுகிறேன்.
கரிக்காரன் லாரி வரும்வரை
கொட்டாங்குச்சி மலையாய்க் கிடக்கும்.
அதில் ஒன்றைக்கூட
வாய்க்கு நேரே தூக்கிப் பார்த்ததில்லை.
அப்பா தூக்கியிருக்கிறார்.
டீக்கடைக்குப் பின்னால்
வேலியில் செருகிவைத்த
அவருக்கென்று ஒரு கொட்டாங்குச்சி.
முப்பது வருசம்.

கோவிலில் வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான்.
எல்லாருக்கும் ஒன்று என்பார் ஐயர்.
ஒன்றுதான்.
ஆனால் வரிசை என்று ஒன்று இருந்தது.
பெஞ்சில் உட்கார்கிறவர்கள் முதலில்,
பாயில் உட்கார்கிறவர்கள் பிறகு.
யாரும் சட்டம் போடவில்லை.
போட்டிருந்தால் கிழித்திருக்கலாம்.
அப்பா முழங்கால் போடும்போது
எத்தனையோ உதடு பட்டிருக்கும் அந்த விளிம்பில்.
அவர் உதட்டுக்கு அப்புறம்
துணிதான்.

பிறகு அந்த நோய் வந்தது.
கோவில் பூட்டி, திறந்தபோது
பொருளாளர் ஜெயசீலன் சார்
கரூரிலிருந்து நூறு சின்னக் கிண்ணம் வாங்கிவந்தார்.
எவர்சில்வர். இருமல் மருந்து மூடியளவு.
ஆளுக்கொன்று. சுகாதாரம்.
நோய் போனது, கிண்ணம் போகவில்லை.

எனக்குக் கோபம்.
டீக்கடையின் இரண்டு டம்ளரை
உள்ளே கொண்டுவந்து நூறாக்கிவிட்டார்கள்.
எங்கள் வளவு ரூத்து சொன்னாள்:
"இருக்கட்டுங்க்கா. எனக்குன்னு ஒண்ணு.
யாரு மூஞ்சியும் பாக்காமக் குடிச்சுக்கலாம்."
அதுவும் நிஜம்தான்.
இரண்டு நிஜத்தையும் வைத்துக்கொண்டு
நான் எங்கே போவேன்.

போன மாசம் அறுப்பின் பண்டிகை.
எண்பத்து மூன்று பேர்.
ஆராதனை முடிந்து
வெளியே பந்தலில் சோறு.
உள்ளே தட்டில் கிண்ணங்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும்
நாக்குக்கு எட்டாத ஒரு சொட்டு.

குழாயடித் தண்ணீர்
கருவேப்பிலைச் செடிக்குத்தான் போகிறது.
பாவமில்லை என்று ஐயரே சொல்லியிருக்கிறார்.
ஆனாலும் கை வரவில்லை.
பழைய வெள்ளிக் கிண்ணத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன்.
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தேன் அதற்குள்.

முதலில் யாருடையது எதுவென்று தெரிந்தது.
மூக்குப்பொடி வாசம் ஜெயசீலன் சார்.
சாயம் ஒட்டியது டாக்டரம்மா.
பல்பொடி ரூத்து.
இருபதுக்கு மேல் தெரியவில்லை.
ஐம்பதில் வெள்ளியின் அடி மறைந்தது.
எண்பத்து மூன்றில்
மூன்று மடக்கு.

யார் முதலில், யார் கடைசி என்று
திராட்சைக்கே தெரியாது இனி.

கை கழுவ வந்தார் ஜெயசீலன் சார்.
"என்னம்மா அது?"
"எல்லாரோடதும்ங்க."
பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது.
"சோறு ஆறுது, வா."
நான் நீட்டவில்லை. அவர் கேட்கவில்லை.
நீட்டியிருக்கலாம்.
தேங்காய் உடைக்கும்போதெல்லாம்
அது நினைப்பு வருகிறது.

அவர் போனபின் குடித்தேன், நின்றபடியே.
கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பொடிக் காரம்.
ஒறம்பரை வந்த வீட்டில்
சமைத்தவள் கடைசியாகத்தானே உண்பாள்.
எண்பத்து மூன்று ஒறம்பரை
ஒரே நேரத்தில் என் நெஞ்சுக்குழியில் இறங்கினார்கள்.
அப்பா இல்லை அவர்களில்.
அவர் குடித்துவிட்டுப் போய் ஒன்பது வருசம்.

பந்தலில் மூன்றாம் பந்தி.
ரசம் ஊற்றுகிற பையன் என்னைத் தாண்டிப் போனான்.
நாலு இலை தள்ளிப் போய்
என்ன நினைத்தானோ, திரும்பி வந்தான்.
ஊதாக் கையைக் குழித்து
நீட்டினேன்.