நிழல் கூடாது

சங்ககிரி ரோட்டில், ரிக் வண்டி உதிரிபாகக் கடைக்கு மேலே
பன்னிரண்டுக்குப் பதினாறடி என் வானம்.
சூரியனை எங்கே வைப்பதென்று
தினமும் நான்தான் சொல்ல வேண்டும்.

முதல் விளக்கு கண்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே,
சற்றே சாய்த்து.
எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல்: தானாக எரியாது,
வந்த வெளிச்சத்துக்குப் பதில் சொல்லும்.
பின்னால் ஒன்று,
தலைமுடியைச் சுவரிலிருந்து பிரித்தெடுக்க.
இவ்வளவையும் ஒரு முழுத் தேங்காயை
ஸ்டூலில் உட்காரவைத்துக் கற்றேன்.
மூன்று கண் அதற்கு.
ஒருமுறைகூட இமைத்ததில்லை.

அர்த்தனாரி இமைத்தார்.

பாஸ்போர்ட்டுக்கு. டான்சானியாவில் போர் போட
வண்டி கப்பலேறிவிட்டது,
கூடப் போக வேண்டிய வெல்டர் என் ஸ்டூலில்.
ஃபிளாஷ் அடித்தேன், கண் மூடியிருந்தது.
மறுபடி, மூடியிருந்தது.
ஏழாவதில் என் விரலுக்கு முன்பே மூடிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி.
வெளிச்சம் வந்தா மூடோணும்னு
இருவது வருசமாப் பழக்கி வெச்ச கண்ணுங்க.
மூடாம விட்ட ராத்திரியெல்லாம்
உருளைக்கெழங்கு வில்லை வெச்சுப் படுத்திருக்கறனுங்க."

ஃபிளாஷை நிறுத்தினேன்.
அதற்குள்ளே சின்னதாய் ஒரு பல்பு எப்போதும் எரியும்,
நிழல் எங்கே விழுமென்று ஒத்திகை பார்க்க.
அது மட்டும் போதுமென்று
ஷட்டரை மெதுவாக்கினேன்.
"மூச்சை மட்டும் சித்த பிடிங்க."

கண் திறந்தே இருந்தது.
இரண்டு கன்னத்துக்கும் ஒரே வெளிச்சம்,
மூக்கடியில்கூட நிழல் இல்லை.
அரசாங்கத்துக்கு அப்படித்தான் வேண்டும்.

அப்போதுதான் பார்த்தேன், மேல் பட்டன் போடாத கழுத்தை.
அங்கே வேறொரு கை ஏற்கெனவே படமெடுத்திருந்தது:
சட்டை மூடிய இடம் வெளுப்பு,
மூடாத முக்கோணம் கருஞ்சிவப்பு,
விளிம்பு கத்தி மாதிரி.
குடையில்லை, துணி மறைப்பில்லை, நேர் வெளிச்சம்.
எக்ஸ்போஷர் இருபது வருடம்.

"இன்னொண்ணு எடுக்கறேன், காசு வேண்டாம்."
தெர்மாகோலைத் தள்ளினேன்,
விளக்கை நேர் பக்கவாட்டுக்கு நகர்த்தினேன்.
மூக்குத் தண்டோடு முகம் இரண்டானது.

"பாதி காணமுங்களே?"

"பேர வெச்சுட்டு நீங்களே கேக்கலாமா?"

சிரித்தார். மேலே மலையில் இருப்பவரைப் போல
வலது வேறு, இடது வேறாக.
சிரிப்பு மட்டும் கோடு தாண்டி
இருட்டுப் பக்கமும் கொஞ்சம் போயிருந்தது.

திரையில் காட்டினேன்.
தன் முகத்தைத் தாண்டி, ஓரத்தில்
கருப்பாய்த் தெரிந்த விளக்கு ஸ்டாண்டைத்
தொட்டுப் பெரிதாக்கினார்.

"இது ஆரு அடிச்ச வெல்டுங்க?
விட்டுப்போச்சு பாருங்க. ஆள் மேல உழுந்துரும்."

விளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு
ஸ்டாண்டைத் தோளில் போட்டுப் படியிறங்கினார்.
சாயங்காலம் மொட்டையடித்த குழந்தையோடு
நாலு பேர் வந்தார்கள்.
சூரியனைக் கையில் பிடித்துக்கொண்டே எடுத்தேன்.