ஓரணாப் பக்கம்

கொக்கிரகுளம் மணலில் கொட்டகை போட்ட வருசம்
முன்னால் உட்கார நாலணா.
துணிக்குப் பின்னால்
ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார ஓரணா.
நான் ஓரணாக்காரி.

ரீல் மாற்றும்போதெல்லாம் ஒரு பையன்
வாளித் தண்ணீரைத் துணியில் வீசி அடிப்பான்.
நனைந்தால்தான் எங்கள் பக்கம் முகம் தெரியும்.
காயக் காயக் கதாநாயகிக்கு
முதலில் மூக்கு போகும், அப்புறம் கண்.

எழுத்து திரும்பி நிற்கும்.
நேராக நின்றாலும் எனக்குத் தெரியாது,
அதனால் நட்டமில்லை.
தகரக் குழாயில் மாசிலாமணி சொல்வதுதான் கதை.

அன்றைக்கு மெசின்கார மீரான்
நாலாவது ரீலை இரண்டாவதாக மாட்டிவிட்டார்.
கிணற்றில் விழுந்து செத்தவள்
அடுத்த ரீலில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.
குழாய் ஒரு மூச்சு நேரம் பேசவில்லை.
பிறகு இருமிக்கொண்டு சொன்னது:
"செத்தவள் இப்போது யோசிக்கிறாள்."

முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றது.
யோசித்து யோசித்து, கடைசியில் அவள்
கூண்டு வண்டியேறிப் போய்விட்டாள்.
மறுநாள் சரியான வரிசையில் ஓட்டினார்களாம்.
சப்பென்று இருந்ததாம்.

இவர் அன்று நாலணாவில் இருந்திருக்கிறார்.
கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்.
வண்டி வலப்பக்கம் போச்சு என்பார்.
இடப்பக்கம் என்பேன்.
"ஏளா கோமு, ஒனக்குக் கண்ணு பொடதியிலயா இருந்துச்சு?"
புளி கரைக்கையில் சண்டை.
பிள்ளை காய்ச்சலில் கிடந்த ராத்திரியும்
தூங்காமல் இருக்க அதே சண்டை.
முப்பத்தெட்டு வருசம்.

போன மாசியில் துட்டி கேட்டுத் திரும்பும்போது
மணலில் இறங்கினோம்.
துணி கட்டியது இங்கேதான் என்று
செருப்பால் ஒரு கோடு கிழித்தார்.
அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்,
முகத்துக்கு முகம்.
"எங்கன போனா? காட்டு பாப்பம்."

இருவரும் கை நீட்டினோம்.
அவருடைய வலக்கை, என்னுடைய இடக்கை.
இரண்டும் சீவலப்பேரிப் பக்கம்,
தண்ணீர் போகிற பக்கம்.

கையை இறக்க இருவருக்கும் மறந்துபோனது.
தூரத்தில் யாரோ லாரி கழுவிக்கொண்டிருந்தான்.
எங்களைப் பார்த்துவிட்டு
அவனும் அந்தத் திசையில் எட்டிப் பார்த்தான்.

"ஆனா மச்சம் வலக்கன்னத்துலதான்" என்றார் இவர்,
கொஞ்சம் கழித்து.

எனக்குப் பின்னால்தானே ஆறு.
திரும்பிக் குனிந்து
ஒரு கை தண்ணீர் அள்ளி
கோட்டுக்கு மேலே, வெறும் காற்றில்
வீசி அடித்தேன்.