காடிச் சாடி

நாலு பங்காளி கையெழுத்துப் போட
ஐந்தாமவர் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் சரி சொல்ல
நேமத்தான்பட்டி வீட்டில் மூன்றாம் கட்டுப் பூட்டை அறுத்தோம்.
வௌவால் எச்சம். எனாமல் தூக்குகள் நூற்றுப் பன்னிரண்டு.
மூலையில் இடுப்புயரப் பழுப்புச் சாடி,
ஒரு காது உடைந்தது.
மூடியைத் தள்ளினேன்.
இத்தனை வருடம் கழித்தும் மூக்கைக் குத்தியது காடி.

"ஊறுகாயா?" என்றான் சேவுகன், லோடு ஏற்றுகிறவன்.
இல்லையடா, இது வேறு புளிப்பு.

எடைக்குப் போட்ட பேரேடுகளுக்கிடையில்
கிள்ளான் கடை ஐந்தொகை.
ஏசண்டு சாத்தப்பனின் சாய்ந்த எழுத்து:
மருத்துவச்சி ஜைத்தூன், பற்று வெள்ளி நாற்பது,
ஈடு சாடி ஒன்று.
ஓரத்தில் பென்சிலில்,
'ராத்திரி இவள் தலைமட்டும் கழன்று
குடல் தொங்கத் தொங்கப் பறக்கிறதாம்,
பிள்ளை பெற்ற வீட்டு ரத்தம் தேடி.
விடியுமுன் குடலைக் காடியில் முக்கிச் சுருக்கினால்தான்
திரும்ப உடம்புக்குள் போகுமாம்.
சனம் சொல்கிறது. நமக்கென்ன.
சாடி நல்ல சாடி.'

அடுத்த பக்கம்:
தவணை தப்பியது. சாடி ஊருக்கு அனுப்பியது.
கப்பல் கூலி தனி.

நம்மூர்க் காட்டேரியை எனக்குத் தெரியும்.
என் பெண்டாட்டிக்கு ஐந்தாம் மாதம்
உச்சிவேளையில் புளியமரத்தடியில் பிடித்தாள்.
ஒரு கருஞ்சேவல் கேட்டாள், கொடுத்தோம்,
அசலோடு போய்விட்டாள்.

மாசியில் கடைக்கு வந்த ருமேனியாக்காரி சொன்னாள்,
அவள் ஊரில் செத்தவன் எழுந்து ரத்தம் குடிக்க வந்தால்
வாசலில் கசகசா இறைப்பார்களாம்.
ஒவ்வொன்றாய் எண்ணாமல் தாண்டமாட்டானாம்.
எண்ணும்போதே விடிந்துவிடுமாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நான் அவள் முதுகுக்குப் பின்னால்
விலைச்சீட்டு ஒட்டியிருந்த மேசைப்பெட்டியைப் பார்த்தேன்.
எண்ணிக்கொண்டே விடிந்தவர்கள்
இந்தப் பக்கம் அநேகம்.

சாடிக்குப் பதினெட்டாயிரம் சொன்னேன்.
காது இல்லையென்று பத்துக்குக் கேட்டார்கள்.

நேற்று பத்துமணிக்குக் கடை சாத்தப்போனவன்
எதிர் ஃபாஸ்ட் ஃபுட்டில் கெஞ்சி
ரெண்டு பாட்டில் வினிகர் வாங்கிவந்து
அடியில் கொஞ்சம் ஆடும்படி ஊற்றினேன்.
உடம்பு அங்கே என்றோ மண்ணாகியிருக்கும்.
தெரியும்.
கடல் தாண்டி அந்தத் தலை
எத்தனை கிடங்கு தேடியதோ, அதுதான் தெரியவில்லை.

பூட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
ஷட்டரை
ஒரு தலை நுழையும் அளவு விட்டுவிட்டு
வண்டியை எடுத்தேன்.