வீடு பூட்டியிருந்தது

தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளை.
பிங்கர்போஸ்ட்டில் எங்கள் ஆய்வக ஜன்னலிலும்
நகத்தால் சுரண்டினால் உதிர்கிற பனி.
உள்ளே ஹில்டாவும் நானும்
அவலாஞ்சிச் சோலையின் ஒரு டப்பா மண்ணும்.

கறுப்பு மண். பிசைந்தால் கையை விடாது.
ஒரு கரண்டியில் கோடி உயிர் என்கிறார்கள்.
யார் யார் என்று கேட்க
கதவைத் தட்டவேண்டும்.
இந்த வேலையில் தட்டுவது என்றால்
சுவரை இடிப்பது.

ஹில்டா மணிகளில் ஆரம்பித்தாள்.
கடுகைவிடச் சின்னக் கண்ணாடி மணிகள்,
மண்ணோடு குழாயில் போட்டு
எந்திரத்தில் மாட்டினால் நாற்பது விநாடி,
கல்லாறு ஏறும் பஸ்ஸில்
கடைசி சீட்டுக்காரன் படும் பாடு.
கீழ்வீட்டு நாய் குரைத்தது.
வீட்டுக்காரர் இரண்டு தடவை படியேறி வந்து
என்னம்மா அரைக்கிறீர்கள் என்றார்.
நிறையக் கிடைத்தது. எல்லாம் துண்டு.
ஜெல்லில் ஒரே கோடாக நிற்கவேண்டியது
ரப்பரால் தேய்த்த எழுத்துப்போல
அடிவரை இழுபட்டிருந்தது.

நொதிக்கு அவசரமில்லை.
முட்டை வெள்ளையில் இருக்கிற அதே சரக்கு,
தையலைப் பிரிப்பதுபோல் சுவரைப் பிரிக்கும்.
முப்பத்தேழு டிகிரித் தொட்டியில் ஒரு மணி நேரம்;
அறையோ ஒன்பது டிகிரி.
குழாய்களுக்குப் பக்கத்தில்
எங்கள் விரல்களையும் நனைத்து வைத்தோம்.
பிறகு குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றிக்
கண்ணாடிக் குச்சியை மெல்லச் சுற்ற
வந்தது,
நீளமாக, வெள்ளையாக,
ஊசியில் கோர்த்துவிடலாம் போல ஒரு நூல்.
கொஞ்சம்தான்.
ஆனாலும் இரண்டு பேரும் பேசவில்லை.

உறையவைத்து உருக்கும் முறைக்கு
கோயம்புத்தூரிலிருந்து திரவ நைட்ரஜன் வரவேண்டும்.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியைச் சுமந்த லாரி
ரேடியேட்டர் கொதித்து
பர்லியாறில் நிற்கிறதாம்.
சிரித்து முடிக்க நேரமானது.
மொட்டைமாடியில் வைக்கலாமா என்றாள் ஹில்டா.
வைத்தோம், ஒரு ராத்திரி.
ஒன்றும் நடக்கவில்லை.
மார்கழிக்கு மார்கழி உறைந்து உருகிய கூட்டம் அது,
அதைப்போய்ப் பனி காட்டி மிரட்டினால்?

எந்த வழியில் போனாலும் குழாயில் அந்தப் பழுப்பு.
மட்கிய இலையின் சாறு,
காந்தல் கடையில் இரண்டாந்தரம் கொதித்த டீ நிறம்.
கழுவக் கழுவ நூலும் குறைகிறது.

பட்டியல் வந்தது.
மணி சொன்ன காட்டில் தடித்தோல்காரர்கள் நிறைய.
நொதி சொன்ன காட்டில் அவர்கள் பெயரே இல்லை,
மெல்லிய தோல்களின் ராஜ்ஜியம்.
ஒரே கரண்டி மண்.
எது சரி என்று போனில் கேட்டார் பேராசிரியர்.
உடைந்தவர்களைத்தான் எண்ணியிருக்கிறோம் சார் என்றேன்.
கேட்கவில்லை என்றார். சிக்னல்.

ஹில்டா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
போன கணக்கெடுப்பில் எங்கள் வீட்டில் ஆளே இல்லை.
நாலு பேரும் கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவிக்கொண்டிருந்தோம்.
வந்தவர் பூட்டைப் பார்த்தார், எழுதினார், போய்விட்டார்.
சொல்லிவிட்டு
நுண்ணோக்கிக்கு விளக்குப் போட்டாள்.

மணி அரைத்து, நொதி தின்று
மிச்சமிருந்த அடிமண்டிக்குப்
பச்சைச் சாயம் ஏற்றிப் பார்த்தோம்.
இருந்தார்கள்.
சின்னச் சின்ன வித்துகள், முழுசு முழுசாக,
மழை நின்ற மறுநிமிடத்துத் தேயிலைபோல் மின்னிக்கொண்டு.
எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை.

அட்டவணையில் அவர்களுக்கு ஒரு பத்தி விட்டிருக்கிறேன்.
பேராசிரியர் அடித்துவிடுவார்.
ஹில்டா குழாய் மூடியில் தேதி எழுதி,
அதற்குக் கீழே
வீடு பூட்டியிருந்தது
என்று எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

பதினொன்றரைக்கு லாரிக்காரர் கூப்பிட்டார்:
வந்துவிட்டேன், ஒரே பனி,
ஹாரன் அடித்து அடித்துப் பார்க்கிறேன்,
உள்ளே ஆள் இருக்கிறீர்களா இல்லையா?